மெழுகு முகங்களும் மாடி பஸ்ஸும்: லண்டன் பயணக் குறிப்புகள்

செவ்வாய், இரவு

லண்டனில் மேடம் துசாட்ஸ் மெழுகுச் சிலை மியூசியத்தையும், வழியில் வேண்டிய நிறுத்தத்தில் இறங்கி அடுத்த பஸ்ஸில் ஏறிக்கொள்ளும் ஹாப் ஆன் ஹாப் ஆஃப் சுற்றுலா பஸ்ஸையும் சேர்த்து ஒரே டிக்கெட்டாக வாங்கலாம். தனித்தனியாக வாங்குவதைவிடச் செலவு குறையும். நானும் அப்படித்தான் வாங்கியிருக்கிறேன். கூட வந்திருப்பது அம்மாவும் என் மகளும். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முட்டி வலி உண்டு. மகளுக்குப் பத்து வயது, கால் ஒரு இடத்தில் நிற்காது. இருவருக்கும் ஒத்துவர வேண்டுமென்றால் நடை குறைவாகவும் பார்க்க நிறையவும் இருக்க வேண்டும். அதனால்தான் இந்தச் சேர்க்கை.

ஒரே நாளில் இரண்டையும் முடித்துவிடலாம் என்று பலர் சொன்னார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் சரிவரவில்லை. மியூசியத்துக்குள் அவசரமில்லாமல் நடந்தால் இரண்டரை மணி நேரம் போய்விடும். பஸ் எங்கேயும் இறங்காமல் ஒரு முழுச் சுற்று வரவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சாயங்காலம் ஆனதும் கடைசி பஸ் கிளம்பிவிடும். ஏறி இறங்கலாம் என்பதற்காகத்தான் இந்த பஸ்ஸுக்குக் காசு கொடுக்கிறோம். நேரமில்லாமல் போனால் உட்கார்ந்த இடத்திலேயே ஊரைச் சுற்றிவிட்டு வர வேண்டியதுதான்.

ஆகவே எங்கள் திட்டம் இது: நாளைக்கு மியூசியம் மட்டும். வியாழன் காலையில் பஸ். வெள்ளிக்கு ஒன்றும் எழுதிவைக்கவில்லை.

டிக்கெட் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 'ஒரு நாள்' டிக்கெட் வேறு, '24 மணி நேர' டிக்கெட் வேறு. ஒரு நாள் டிக்கெட் அன்று சாயங்காலத்தோடு முடிந்துவிடும். 24 மணி நேரம் என்றால் முதல் பஸ்ஸில் ஏறி ஸ்கேன் செய்த நொடியிலிருந்து கணக்கு. வியாழன் பதினோரு மணிக்கு ஏறினால் வெள்ளி பதினோரு மணி வரைக்கும் செல்லும். ஒரு ராத்திரி நடுவில் வருவது முட்டி வலிக்காரர்களுக்கு எவ்வளவு பெரிய உதவி! மியூசியத்துக்கு மட்டும் நாளும் நேரமும் முன்கூட்டியே குறித்தாக வேண்டும். காலை முதல் நேரத்தையே எடுத்திருக்கிறேன்.

சாயங்காலம் பேக்கர் ஸ்ட்ரீட் ஸ்டேஷன் வரைக்கும் போய் வழி பார்த்துவைத்துக்கொண்டோம். 1863-ல் உலகத்தின் முதல் சுரங்க ரயில் ஓடிய தடத்தில் இந்த ஸ்டேஷனும் ஒன்று. வெளியே வந்தால் ஷெர்லாக் ஹோம்ஸ் தொப்பியும் பைப்புமாக வெண்கலத்தில் நிற்கிறார், 1999-ல் வைத்த சிலை. இரண்டு நிமிடம் நடந்தால் மேரிலபோன் சாலையில் பச்சை நிறக் குவிமாடம். 1940-ல் ஜெர்மானியர் போட்ட குண்டு மியூசியத்தோடு சேர்ந்திருந்த சினிமா கொட்டகையைத் தரைமட்டமாக்கியது. அந்த இடத்தில் 1958-ல் கோளரங்கம் கட்டினார்கள். அதுதான் இந்தக் குவிமாடம். கோளரங்கம் 2006-ல் மூடப்பட்டு, கட்டடம் மியூசியத்தோடு சேர்ந்துவிட்டது.

புதன், மாலை

காலையிலேயே வாசலில் நின்றோம். முன்பதிவு செய்தவர்களுக்குத் தனி வரிசை, பைகளைச் சோதித்து உள்ளே விடுகிறார்கள். முதல் அறையில்தான் கூட்டம் நெரிகிறது. எல்லோரும் முதலில் கண்ணில் படும் சிலையோடேயே படம் எடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். நீங்கள் போனால் அந்த அறையில் நிற்காமல் நேரே உள்ளே போய்விடுங்கள். அடுத்த அறைகள் காலியாக இருக்கும், வேண்டுமென்றால் அப்புறம் திரும்பி வரலாம்.

சிலைகளுக்கு முன்னால் கயிறோ கண்ணாடியோ பெரும்பாலும் கிடையாது. தோளோடு தோள் உரச நிற்கலாம். அம்மாவுக்கு இதுதான் முதல் ஆச்சரியம்.

"ஏம்மா, தொட்டா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"சொல்ல மாட்டாங்கம்மா. பக்கத்துல நின்னுக்கோ."

அம்மா நின்றது காந்தியின் பக்கத்தில். கையைக் கூப்பிவிட்டு, கொஞ்ச நேரம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "படத்துல பாக்கறப்ப இவ்வளவு சின்ன உருவம்னு தெரியல" என்றாள். மெழுகுச் சிலைக்கும் புகைப்படத்துக்கும் உள்ள வித்தியாசம் அம்மாவின் அந்த ஒரு வரியில் இருக்கிறது. புகைப்படத்தில் ஆளின் அளவு தெரியாது. திரையில் பார்த்துப் பார்த்து நாம் எல்லோரையும் ஒரே உயரமாக மனதில் வைத்திருக்கிறோம். இங்கே உண்மையான உயரமும் உண்மையான தோள் அகலமும் நம் பக்கத்தில் நிற்கின்றன.

மகள் ரஜினியைத் தேடினாள். கிடைக்கவில்லை. இந்திய சினிமாவிலிருந்து இங்கே முதலில் சிலையானவர் அமிதாப் பச்சன், 2000-ல். தமிழ்ப் படங்களில் நமக்குத் தெரிந்த காஜல் அகர்வாலுக்கு 2020-ல் சிங்கப்பூர் கிளையில் சிலை வைத்தார்கள். "அப்ப அடுத்தது சிங்கப்பூர் போலாம்" என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

சிலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டு பார்த்தால் பார்வையே மாறிவிடும். அதனால் அதை எழுதிவிடுகிறேன். சிலையாகப் போகிறவர் நேரில் வந்து உட்காருவார். உடம்பில் 200-க்கும் மேல் அளவுகள் எடுப்பார்கள். எல்லாப் பக்கமிருந்தும் படம் எடுப்பார்கள். கண்ணின் நிறம், பல்லின் அமைப்பு, தலைமுடி எந்தத் திசையில் வளர்கிறது என்பது வரைக்கும் குறித்துக்கொள்வார்கள். இரும்புச் சட்டத்தின் மேல் களிமண்ணில் உருவம் வடித்து, அதிலிருந்து அச்சு எடுத்து, தலைக்கு மெழுகு ஊற்றுவார்கள். உடம்பு ஃபைபர் கிளாஸ். மெழுகு ஆறும்போது கொஞ்சம் சுருங்கும் என்பதால் களிமண் உருவத்தைச் சுமார் 2 சதவீதம் பெரிதாகவே செய்வார்கள். அதன் பிறகுதான் பொறுமையைச் சோதிக்கும் வேலை. தலையில் நிஜ முடியை ஒவ்வொன்றாக ஊசியால் குத்தி நடுவார்கள், வாரக்கணக்கில் ஆகும். கண்ணில் தெரியும் சிவப்பு நரம்புகூடப் பட்டு நூல்தான். கடைசியில் மெல்லிய வண்ணப் பூச்சுகள் ஒன்றன் மேல் ஒன்றாக. ஒரு சிலை முடிய மாதக்கணக்கில் ஆகிறது.

இதைச் சொன்ன பிறகு மகள் படம் எடுப்பதை விட்டுவிட்டு ஒவ்வொருவர் நெற்றியிலும் முடி தொடங்கும் இடத்தைத் தேடிப் பார்க்க ஆரம்பித்தாள். காதோர முடியும் புருவமும் கிட்டத்தில் பார்க்கும்போது நம்பவே முடியாத நுணுக்கம். எல்லாச் சிலையும் அப்படியில்லை. சில முகங்கள் அச்சு அசலாக இருக்கின்றன. சிலவற்றில் கண்ணும் மூக்கும் சரியாக இருந்தும் ஆள் வரவில்லை. என் கணிப்பில் வயதானவர்களின் முகங்கள்தான் நன்றாக அமைந்திருக்கின்றன. சுருக்கத்தில் சிற்பிக்குப் பிடிமானம் கிடைக்கிறது. வழவழப்பான இளம் நடிகர் முகத்தில் அது இல்லை.

இந்த மியூசியத்தைத் தொடங்கிய பெண்ணின் கதை உள்ளே இருக்கும் எந்தச் சிலையையும்விடப் பெரியது. மேரி, 1761-ல் ஸ்ட்ராஸ்பூர்கில் பிறந்தவர். அவருடைய அம்மா, பிலிப் கூர்த்தியூஸ் என்ற மருத்துவரின் வீட்டில் வேலை பார்த்தார். அந்த மருத்துவர் மெழுகில் உருவம் செய்வதில் கைதேர்ந்தவர். மேரி அவரிடமே தொழில் கற்று, 1777-ல் பிரெஞ்சு எழுத்தாளர் வோல்டேரின் முகத்தை மெழுகில் வடித்தார். அப்புறம் பிரெஞ்சுப் புரட்சி வந்தது. வெட்டப்பட்ட தலைகளிலிருந்து முக அச்சு எடுக்க வேண்டிய நிலைமை. பதினாறாம் லூயி, மேரி அன்டோனெட், ரோபெஸ்பியர் என்று அந்த வரிசை நீளும். தானே தலை மழிக்கப்பட்டு, தலை வெட்டும் இயந்திரமான கில்லட்டினுக்குக் காத்திருந்ததாகவும் தன் நினைவுக் குறிப்பில் சொல்லியிருக்கிறார். 1794-ல் கூர்த்தியூஸ் இறந்தபோது மெழுகுத் தொகுப்பு மேரிக்கு வந்தது. மறு வருடம் பிரான்சுவா துசாட் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டார்.

1802-ல் மூத்த மகனைக் கூட்டிக்கொண்டு, சிலைகளையும் பெட்டியில் அடைத்துக்கொண்டு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். அதற்குப் பிறகு அவர் பிரான்சுக்குத் திரும்பவே இல்லை. ஊர் ஊராகப் போய்க் காட்சி வைத்தார், 33 வருடம். 1835-ல்தான் பேக்கர் ஸ்ட்ரீட்டில் நிலையான இடம் கிடைத்தது. அவர் இறந்தது 1850-ல், 88 வயதில். 1842-ல் தன்னையே மெழுகில் செய்தார். கறுப்பு உடையும் கண்ணாடியுமாகச் சின்ன உருவம். புகழ் பெற்ற முகங்களுக்கு நடுவே இவரைத் தேடிப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள்.

அந்தக் காலத்தில் புகைப்படம் இல்லை. ஒரு ராஜாவோ கொலைகாரனோ எப்படி இருப்பான் என்று சாதாரண ஜனங்களுக்குத் தெரிய வழியே கிடையாது. நாணயத்தில் பக்கவாட்டு முகம், கடையில் விற்கும் அச்சுப் படம், அவ்வளவுதான். மேரி துசாட் வண்டியில் கொண்டுபோனது அவர்களுக்குச் செய்தித்தாள். இன்றைக்கு நாம் ஏற்கெனவே ஆயிரம் முறை பார்த்த முகத்தை மறுபடி பார்க்கக் காசு கொடுக்கிறோம். அன்றைக்கு அவர்கள் வாழ்க்கையில் முதல் முறையாகப் பார்க்கக் கொடுத்தார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு நடந்ததால் எனக்கு இந்த இடத்தின் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது.

1925-ல் தீ, 1940-ல் குண்டு. குண்டில் மட்டும் 352 தலை அச்சுகள் போய்விட்டன. இத்தனைக்கும் தப்பி வந்தவள் 'தூங்கும் அழகி' என்ற மெழுகுச் சிலை. கூர்த்தியூஸ் 1765-ல் செய்த உருவத்தின் அச்சிலிருந்து வந்தது. பதினைந்தாம் லூயியின் காதலி மதாம் டுபாரிதான் அது என்று சொல்கிறார்கள். சாய்ந்து படுத்திருக்கும் அந்தப் பெண்ணின் மார்பு மெல்ல ஏறி இறங்குகிறது. உள்ளே இயந்திரம்.

"மூச்சு விடறாங்க பாரு!" அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கொலைகாரர்களின் சிலைகள் இருக்கும் திகில் கூடத்துக்கு நாங்கள் போகவில்லை. 2016-ல் மூடி 2022-ல் மறுபடி திறந்திருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாது. கறுப்பு டாக்சி வடிவத்தில் வண்டிகள் ஓடும் சின்னச் சவாரி ஒன்று இருக்கிறது. அதில் உட்கார்ந்தபடியே லண்டன் வரலாற்றைச் சுற்றி வரலாம். நின்று நின்று கால் கடுத்தவர்களுக்கு நல்ல இடைவேளை. உள்ளே அவர்களே எடுத்து விற்கும் படங்களை நாங்கள் வாங்கவில்லை, உங்கள் போனே போதும்.

வியாழன், இரவு

வேண்டுமென்றே பதினோரு மணிக்கு ஏறினோம், 24 மணி நேரக் கணக்கு நாளைக் காலையையும் தொட வேண்டும் என்பதற்காக. மியூசியத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்தம். இந்த பஸ்களை நடத்தும் நிறுவனங்கள் சில உண்டு. ஒருவரின் டிக்கெட் இன்னொருவரின் பஸ்ஸில் செல்லாது. நிறம், பெயர், நிறுத்தப் பலகை மூன்றையும் பார்த்து ஏற வேண்டும். ஆப் இருந்தால் பஸ் எங்கே வருகிறது என்று தெரியும். இல்லாவிட்டால் இருபது நிமிடம் நிற்க நேரலாம்.

மேல் தளம் திறந்தவெளி. கீழே எவ்வளவு வெயில் அடித்தாலும் மேலே காற்று வெட்டும். காது மூடும் குல்லாயும் மெல்லிய ஸ்வெட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள். முன் வரிசை கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் இடது பக்க ஜன்னலோரம். வண்டிகள் நம்மூர் போல இடது பக்கமே போவதால் கட்டட வாசல்கள் கைக்கெட்டும் தூரத்தில் வரும். அம்மா படியேறி ஒரு முறை உட்கார்ந்துவிட்டால் அப்புறம் கவலையில்லை. ஏறும்போது டிரைவர் வண்டியை எடுப்பதற்குள் கம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மார்பிள் ஆர்ச் வந்தது. ஜான் நாஷ் வடிவமைத்த இந்த வெள்ளை வளைவு முதலில் பக்கிங்ஹாம் அரண்மனை வாசலில் நின்றது, 1851-ல்தான் இங்கே வந்தது. இதன் பக்கத்தில்தான் டைபர்ன் தூக்குமேடை. 1783 வரை ஊரே திரண்டு தூக்குத் தண்டனையை வேடிக்கை பார்க்கும் இடம். நேற்று நாங்கள் போகாமல் விட்ட திகில் கூடத்துக்கு மூலமே இந்த மாதிரி ஜனக் கூட்டம்தான். குற்றவாளியின் முகத்தைப் பார்க்கும் ஆசையை மேரி துசாட் கண்டுபிடிக்கவில்லை. அது இந்த ஊரில் முன்பே இருந்தது.

ஹைட் பார்க் ஓரமாகப் போய், பிக்கடில்லி வழியே டிரஃபால்கர் சதுக்கம். நடுவில் கடைத்தெரு நெரிசலில் பஸ் ஊர்ந்தது, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. டிரஃபால்கரில் இறங்கினோம். கடற்படைத் தளபதி நெல்சனின் சிலையைத் தாங்கும் தூண் சுமார் 52 மீட்டர். தலையைப் பின்னால் சாய்த்துப் பார்த்தாலும் தெரிவது தொப்பியும் வாளும்தான். "இவர் மூஞ்சி எப்படி இருக்கும்?" என்றாள் மகள். நல்ல கேள்வி. ஊரிலேயே உயரமான இடத்தில் ஒருவரை நிறுத்திவிட்டு, யாருக்கும் முகம் தெரியாமல் செய்துவிட்டார்கள். கீழே இருக்கும் நான்கு சிங்கங்களின் முகம்தான் எல்லோருக்கும் பழக்கம். அவை 1867-ல் லாண்ட்சியர் செய்தவை.

தூணுக்குத் தெற்கே சாலை நடுவில் குதிரை மேல் ஒரு ராஜா. பஸ்ஸிலிருந்து ஒரு நிமிடம் தெரியும், ஆனால் இறங்கிப் பார்க்க வேண்டிய சிலை. முதலாம் சார்லஸ். 1633-ல் வார்த்த வெண்கலம். உள்நாட்டுப் போரில் ராஜா தோற்றபோது, உடைத்துவிடு என்று இந்தச் சிலையை ஒரு கன்னாரிடம் விற்றுவிட்டார்கள். அவர் உடைக்காமல் ஒளித்துவைத்தார். மன்னராட்சி திரும்பிய பிறகு, 1675-ல் இங்கே நிறுத்தினார்கள். லண்டனிலிருந்து இத்தனை மைல் என்று கணக்கிடுவது இந்த இடத்திலிருந்துதான். ராஜாவின் பார்வை வைட்ஹால் சாலை மேல் நேராக விழுகிறது. அந்தச் சாலையில் பாங்க்வெட்டிங் ஹவுஸ் முன்னால்தான் 1649 ஜனவரி 30-ல் அவர் தலையை வெட்டினார்கள். அடுத்த பஸ்ஸில் ஏறி அதே சாலையில் போகும்போது, ராஜா பார்த்துக்கொண்டே இருக்கும் வாசலை நாங்கள் கடந்தோம். எந்த மியூசியமும் இந்த அடுக்கைக் காட்ட முடியாது. இதற்காகவே இந்த பஸ்ஸை நான் பரிந்துரைப்பேன்.

பாராளுமன்றச் சதுக்கத்தில் மறுபடி இறங்கினோம். சர்ச்சில், மண்டேலா, பெண்களின் வாக்குரிமைக்குப் போராடிய, 2018-ல் வந்த மில்லிசென்ட் ஃபாசெட், எல்லோரும் புல்வெளியைச் சுற்றி நிற்கிறார்கள். காந்தி 2015-ல் வந்தார், பிலிப் ஜாக்சன் செய்த வெண்கலம். 1931-ல் வட்டமேசை மாநாட்டுக்கு வந்தபோது டவுனிங் தெருவில் எடுத்த புகைப்படம்தான் மாதிரி. சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, குளிரில் நிற்கும் மனிதர். அரை நிர்வாணப் பக்கிரி என்று அதே 1931-ல் சர்ச்சில் சொன்னார். இன்றைக்கு இருவருக்கும் ஒரே புல்வெளி.

"நேத்து பாத்தது நல்லாருந்துச்சு. ஆனா இதுதான் அவரு" என்றாள் அம்மா.

நேற்றைய மெழுகுச் சிலை அளவில் சரி, தோலில் சரி. இந்த வெண்கலச் சிலை ஆளைவிடப் பெரியது, முடி ஒவ்வொன்றாக நடவில்லை. ஆனாலும் அம்மா சொல்வது எனக்குப் புரிகிறது. பீடம் தாழ்வாக இருப்பதால் முகம் நமக்குத் தெரிகிறது, நிற்கும் இடமும் பொருத்தம். பாராளுமன்றத்தின் எதிரே இவர் நிற்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. முதல் நாள் மியூசியம், மறுநாள் பஸ் என்று வைத்ததன் பலன் இங்கேதான் கிடைத்தது. அங்கே பார்த்த முகங்கள் இன்று தெருவில் அடையாளம் தெரிகின்றன. மகள் பஸ்ஸிலிருந்தே "அது சர்ச்சில்!" என்று காட்டினாள். முதுகைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். செயின்ட் பால் பேராலயத்தை பஸ்ஸிலிருந்தே பார்த்தோம். டவர் பாலத்தை பஸ் கடக்கும்போது மேல் தளத்தில் எல்லோரும் எழுந்து நிற்கப் பார்க்கிறார்கள், நிற்கக் கூடாது. எங்கள் டிக்கெட்டில் தேம்ஸ் படகும் சேர்ந்திருந்தது. டவர் துறையில் ஏறி வெஸ்ட்மின்ஸ்டர் துறையில் இறங்கினோம். சாயங்கால நெரிசலில் பஸ்ஸில் திரும்புவதைவிடப் படகு எவ்வளவோ மேல். அம்மா அந்த அரை மணி நேரமும் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளி, இரவு

காலை டிக்கெட் நேரம் முடிவதற்குள் பஸ் பிடித்து வெஸ்ட்மின்ஸ்டர் போய்விட்டோம். அபே தேவாலயத்தில், 2018-ல் திறந்த மாடிக் காட்சிக்கூடம் ஒன்று இருக்கிறது. தரையிலிருந்து 16 மீட்டர் உயரம், லிஃப்ட் உண்டு. தனி டிக்கெட், நேரமும் குறித்துக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்கு மட்டும்தான் திறப்பார்கள், சுற்றிப் பார்க்க முடியாது.

நெல்சனின் முகத்தைக் கேட்டாளே என் மகள், அவர் இங்கேதான் இருக்கிறார், மெழுகில். துசாட் அம்மையார் இங்கிலாந்தில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த அதே வருடங்களில், கேத்தரின் ஆண்ட்ராஸ் என்ற பெண் சிற்பி செய்தது. நெல்சன் உயிரோடிருந்தபோதே அவர் எதிரில் உட்கார்ந்து முகம் காட்டியிருக்கிறார். 1805-ல் டிரஃபால்கர் போரில் இறந்த நெல்சனைச் செயின்ட் பாலில் அடக்கம் செய்தார்கள். ஜனம் முழுக்க அங்கே போனது. அபேக்கு வருமானம் குறைந்தது. அதனால் 1806-ல் இந்த மெழுகு உருவத்தை வாங்கி இங்கே நிறுத்தினார்கள். வசூலுக்காக வைத்த சிலைதான், ஆனால் 52 மீட்டர் உயரத்தில் தொலைந்துபோன முகம் இங்கே நம் கண் மட்டத்தில் நிற்கிறது. மெலிந்த, களைத்த முகம். மகள் வெகு நேரம் பார்த்தாள். "பெரிய ஆளுன்னு நெனச்சேன்" என்றாள்.

மெழுகு உருவங்கள் இந்தத் தேவாலயத்துக்குப் புதிதல்ல. ராஜா இறந்தால் சவ ஊர்வலத்தில் அவரைப் போலவே உருவம் செய்து எடுத்துப்போவது பழைய வழக்கம். முதலில் மரத்தில் செய்தார்கள், மூன்றாம் எட்வர்டின் மர உருவம் இருக்கிறது. பிறகு மெழுகு. இரண்டாம் சார்லஸ் தன் சொந்த அங்கியிலேயே நிற்கிறார். மூன்றாம் வில்லியத்தை ஒரு பலகை மேல் ஏற்றி நிறுத்தியிருக்கிறார்கள். மனைவி மேரி அவரைவிட உயரம். ரிச்மண்ட் சீமாட்டியின் பக்கத்தில் அவர் வளர்த்த ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியே பதப்படுத்தி நிற்கிறது. மேடம் துசாட்ஸ் பிடித்தவர்கள் இதைப் பார்க்காமல் ஊர் திரும்பக் கூடாது. அங்கே இருப்பது விளக்கும் பாட்டும். இங்கே இருப்பது அந்த ராஜாக்கள் போட்டுக் களைந்த துணி.

அங்கிருந்து சாதாரணச் சிவப்பு பஸ்ஸில் புளூம்ஸ்பரி. ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் ஒரே கட்டணம், கார்டைத் தட்டினால் போதும். டாவிஸ்டாக் சதுக்கத்தில் இன்னொரு காந்தி, 1968-ல் ஃபிரெட்டா பிரில்லியன்ட் செய்தது. சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார். பீடத்தில் பூ வைக்க ஒரு மாடம் விட்டிருக்கிறார்கள். இன்று அதில் யாரோ வைத்த சாமந்தி இருந்தது. பக்கத்திலேயே இருக்கும் யுனிவர்சிட்டி காலேஜ் லண்டன் பல்கலைக்கழகத்தில்தான் காந்தி படித்தார்.

அதே பல்கலைக்கழகத்தில், கார்டன் சதுக்கப் பக்கமுள்ள மாணவர் மையத்தில், ஜெரமி பெந்தம் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறார். 1832-ல் இறந்த தத்துவ அறிஞர். தன் எலும்புக்கூட்டுக்குத் தன் சட்டையையே போட்டு உட்கார வைக்க வேண்டும் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். தலையையும் பாடம் செய்யத்தான் பார்த்தார்கள், சரியாக வரவில்லை. அதனால் மெழுகுத் தலை வைத்தார்கள். கீழே நிஜ எலும்பு, மேலே மெழுகு முகம். அம்மா உள்ளே வரவில்லை, வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். மகளுக்கு இந்தப் பயணத்திலேயே பிடித்தது இதுதானாம்.

கடைசியாக, நான் வரும்போதே மனதில் வைத்திருந்த இடம். அங்கிருந்து சில நிமிட நடையில், ரஸ்ஸல் சதுக்கத்தின் ஓரத்தில் கீழை, ஆப்பிரிக்க ஆய்வுகளுக்கான கல்லூரி (SOAS). அதன் வளாகத்தில் திருவள்ளுவர் சிலை. 1996-ல் வைத்தது. நமக்குப் பழக்கமான அதே தாடி, அதே கொண்டை.

"இவருக்கும் அளவு எடுத்தாங்களா?" என்று கேட்டாள் மகள்.

"இவர எடுக்க யாரு இருந்தா? ஓவியர் வேணுகோபால் சர்மா யோசிச்சு யோசிச்சு வரைஞ்சாரு. நாம எல்லாரும் சரின்னு ஏத்துக்கிட்டோம்" என்றாள் அம்மா.

"அப்ப நிஜ மூஞ்சி யாருக்கும் தெரியாதா பாட்டி?"

"தெரியாது. ஆனா லண்டன்ல பாத்தாலும் உனக்கு அடையாளம் தெரிஞ்சுதே."

மகள் படம் எடுத்தாள், பாட்டியை நிற்க வைத்து, பிறகு என்னை நிற்க வைத்து. போகிறவர்களுக்கு வழி சொல்லிவிடுகிறேன். பிரிட்டிஷ் மியூசியத்துக்கோ ரஸ்ஸல் சதுக்கத்துக்கோ சுற்றுலா பஸ்ஸில் நிறுத்தம் இருக்கிறதா என்று உங்கள் வழித்தட வரைபடத்தில் பாருங்கள், இருந்தால் அங்கே இறங்கி நடந்துவிடலாம். ரயிலில் வந்தால் ரஸ்ஸல் ஸ்கொயர் ஸ்டேஷன், பிக்கடில்லி தடம். சதுக்கத்தின் வடமேற்கு மூலைக்கு வந்து யாரிடமாவது கல்லூரி வாசலைக் கேளுங்கள். சிலை வெளியில்தான் இருக்கிறது, டிக்கெட் கிடையாது.